முந்தலில் ஒன்று, மெட்டில் ஒன்று!

சமீபத்தில், வெளியூர் போய் வந்த என் கணவரின் போனுக்கு, வேகமாகச் சென்றதாக, 1,000 ரூபாய் அபராதம் என்று தகவல் வந்தது. 'அவ்வளவு அகல ரோட்டுல, 40ல போனா பின்னாடி வர்ற லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிடுவான்...' என்று, இரண்டு நாள் புலம்பினார். எனக்கும் வயிற்றெரிச்சல் தான். சிலிண்டர் வாங்கும் காசாச்சே!

சென்னையில், 2023 ஜூனில், பகலில் 40 கி.மீ.,க்கு மேல் போனால் அபராதம் என்று ரேடார் கருவி வைத்தபோதும், ஜனங்கள் சத்தம் போட்டனர். அதே ஆண்டு நவம்பரில், காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லா வண்டிக்கும் 30 என்று மாற்றினர். ரோட்டைப் பார்த்து வேகம் வைத்தால் தானே மனுஷன் மதிப்பான்!

ஆனால், என் மனசை அரிப்பது எங்கள் போடி மலை ரோடு. என் நாத்தனார், ஏலக்காய் எடுக்க தினமும் மலைக்குப் போகிறவள். விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு தாண்டி, கேரள எஸ்டேட்டில் இறங்குவாள். முந்தலில் இருந்து மெட்டு வரை, சுமார் 20 கி.மீ.,யில், 17 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியே தெரியாது. போன மாதம், வளைவில் எதிரே பஸ் வர, இவர்கள் ஜீப், தடுப்புச் சுவரை உரசி நின்றதாம். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள், மறுநாள், 4:00 மணிக்கு, அதே ஜீப்பில் ஏறிப் போனாள்.

டிரைவர் தம்பியிடம் நானே கேட்டேன். 'நான் என்னக்கா பண்ணட்டும்... லேட்டானா இவங்களுக்குத் தான் அரை நாள் சம்பளம் போகுது. வெரசா ஓட்டுன்னு இவங்களே சொல்றாங்க. நானும் இறக்கி விட்டுட்டு, இன்னொரு டிரிப் அடிக்கணும்ல...' என்றார். நாத்தனாரும், 'ஆமாம்' என்று தலையாட்டினாள். எனக்கு வாயடைத்து விட்டது.

பக்கத்துக் கேரளாவில், 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த, 726 கேமராக்களில், பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்க்கத் தான். வேகத்தைப் பிடிக்க வைத்தது எட்டே எட்டு.

மலையில், ஒரே ஒரு வளைவில் கேமரா வைத்தால், அந்த இடத்தில் மட்டும் பிரேக் போட்டு, தாண்டியதும் பறப்பர். முந்தலில் ஒன்று, மெட்டில் ஒன்று வைத்து, வண்டி கடந்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் என்ன? மணிக்கு, 30 கி.மீ., என்று வைத்தால், 20 கி.மீ., ஏற 40 நிமிடம் ஆக வேண்டும். 25 நிமிடத்தில் வந்தால், பறந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். பத்தாவது படித்த எனக்கே புரிகிற கணக்கு இது. மும்பை - புனே விரைவுச் சாலையில், இப்படி சராசரி வேகம் பார்க்கின்றனர்.

ஒன்று மட்டும் பயம்... அபராதம் வந்தால், ஜீப் முதலாளி அதை ஆளுக்கு இவ்வளவு என்று, பெண்கள் கூலியில் பிடித்து விடக்கூடாது. எஸ்டேட்காரர்களும், பனிக் காலத்திலாவது, அரை மணி நேரத் தாமதத்துக்கு சம்பளத்தில் கை வைக்காமல் இருக்கட்டும்.

இதை எழுதப் போவதாகச் சொன்னதும், 'நீங்க பாட்டுக்கு எழுதிப்புட்டு, எங்க பொழப்புல மண்ணப் போட்றாதீக மதினி...' என்றாள் நாத்தனார். அதனால் தான், பெயர் போடவில்லை.

- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.