திறன்பேசி வீட்டில், பாடம் பள்ளியில்: மாணவர்களின் தொழில்நுட்பப் பழக்கம் உணர்த்துவது என்ன?

புது தில்லி: மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கும் திட்டம் 2026-27 கல்வியாண்டில் தொடங்கும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. இது குறித்த விவாதம் பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைச் சுற்றியே நடைபெறுகிறது. மாணவர்கள் எத்தகைய பழக்கத்துடன் அந்த வகுப்புக்குள் நுழைகிறார்கள் என்பது அதிகம் பேசப்படவில்லை.

இதற்கான விடையில் ஒரு பகுதி, பிரதம் அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட 'ஏசர் 2024' அறிக்கையில் உள்ளது. 605 ஊரக மாவட்டங்களில் நடத்தப்பட்ட இக்கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீடுகளில் திறன்பேசி இருக்கிறது, 82.2 சதவீதத்தினருக்கு அதனைப் பயன்படுத்தத் தெரியும். முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். தொழில்நுட்பம் பிடித்திருக்கிறதா என்று அறிக்கை கேட்கவில்லைதான். எனினும், பயன்பாடே மனப்போக்கைப் பெருமளவு காட்டிவிடுகிறது.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டுப் பொழுதுபோக்கை நாடுகிறார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. கேரளத்தின் நிலை அதற்கு இடம் தரவில்லை. அங்கு கல்விக்காகப் பயன்படுத்துவோர் 80 சதவீதத்துக்கும் மேல். சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவோர் 90 சதவீதத்துக்கும் மேல். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும் என்பதில்லை.

பள்ளிகளின் நிலை வேறு. 2024-25 ஆம் ஆண்டுக்கான யூடைஸ் பிளஸ் தரவுகளின்படி, நாட்டில் 64.7 சதவீதப் பள்ளிகளில்தான் கணினி வசதி உள்ளது. இணைய வசதி 63.5 சதவீதப் பள்ளிகளில் மட்டுமே. எனவே பல மாணவர்களுக்குத் தொழில்நுட்பம் என்பது வீட்டில் கற்றுக்கொண்ட ஒன்று. வகுப்பறையுடன் அவர்கள் அதனைத் தொடர்புபடுத்திப் பார்ப்பதற்கான வாய்ப்பே குறைவு.

அந்த வீட்டில்தான் பாகுபாடும் தொடங்குகிறது. திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருக்கும் மாணவர்கள் 36.2 சதவீதம், மாணவிகள் 26.9 சதவீதம். சில செயல்களைச் செய்துகாட்டுமாறு கணக்கெடுப்பாளர்கள் கேட்டபோது, அதற்கு ஒரு திறன்பேசியைக் கொண்டுவர முடிந்தவர்கள் மாணவர்களில் 70.2 சதவீதம், மாணவிகளில் 62.2 சதவீதம். ஆர்வக் குறைவு இதற்குக் காரணம் என்று கூற இயலாது. ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களில் மாணவிகள் அச்செயல்களில் மாணவர்களுக்கு இணையாகவோ, மேலாகவோ திறன் காட்டியுள்ளனர்.

பள்ளிகளில் திறன்பேசிக்கு முழுத் தடை விதிப்பது விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஏற்றதும் அல்ல என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 இல் கூறியது. பாதுகாப்பான இணையப் பயன்பாட்டை மாணவர்களுக்குக் கற்பிக்கவும் அது வலியுறுத்தியது. சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவோரில், தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ, அதுபற்றிப் புகாரளிக்கவோ தெரிந்தவர்கள் 62 சதவீதத்தினரே என்பதால் அதன் தேவை தெளிவு. ஆனால், வீட்டில் அண்ணனிடமோ தந்தையிடமோ கேட்டுத்தான் திறன்பேசியைத் தொட முடியும் என்ற நிலையிலுள்ள மாணவிக்கு, அந்தப் பாடத்தைச் செய்துபார்க்கப் பள்ளிக் கணினியை விட்டால் வேறு வழியில்லை. அவளது பள்ளி இணையமில்லாத மூன்றில் ஒரு பங்குக்குள் வருமானால், செயற்கை நுண்ணறிவும் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படிக்கும் மற்றொரு பாடமாகவே அவளுக்கு அமையும்.