கம்ப்யூட்டர் இருப்பை யார் எண்ணுவது?

தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலும் கம்ப்யூட்டரில் பில் போடாத மொத்தக் கடையை இன்று காண்பது அரிது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அது தராசுக்குச் சமமான சாமானாகிவிட்டது. தராசுக்கு முத்திரை உண்டு, அதிகாரி உண்டு. கம்ப்யூட்டர் கணக்கெடுப்புக்கு அப்படி யாரும் இல்லை. பராமரிப்புக்கு வருகிறவர்கள் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, அது தரும் பட்டியலை வைத்தே ஏ.எம்.சி. தொகை போடுகிறார்கள். நம்மவர்களும் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். இது சரியல்ல என்பதே நமது கருத்து.

அந்த மென்பொருள் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் மதர்போர்டில் என்ன பதிந்திருக்கிறதோ அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறது. மூட்டையைப் பிரிக்காமல் சீட்டைப் பார்த்து வரவு வைப்பது போலத்தான். ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடம் நிரப்பப்படுவதே இல்லை. ‘டு பி ஃபில்டு பை ஓ.ஈ.எம்.’, அதாவது ‘தயாரிப்பாளர் நிரப்பிக்கொள்ளவும்’ என்ற வாசகம் அப்படியே நிற்கும். அத்தகைய பெட்டி நான்கு இருந்தால், சீரியல் எண்ணை மட்டும் நம்பும் மென்பொருள் நான்கையும் ஒன்றாக்கிவிடும். தொகை குறைந்ததே என்று மகிழ வேண்டாம். பழுது வந்த நாளில் ‘இந்தப் பெட்டி ஒப்பந்தத்தில் இல்லை’ என்பார்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. லேப்டாப்பில் கேபிளுக்கு ஒரு நெட்வொர்க் முகவரி, வைஃபைக்கு இன்னொன்று. முகவரியை வைத்து எண்ணினால் ஒன்று இரண்டாகும். நமது கிடங்குக்கு வந்த பட்டியலில் ஐந்து ஏழானது இப்படித்தான். வந்தவரை அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிய பிறகே தொகை இறங்கியது.

வித்தியாசம் எல்லாமே ஏமாற்று என்று சண்டைக்குப் போகவும் கூடாது. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் 465 என்று காட்டினால் கடைக்காரர் குறைத்துத் தரவில்லை. தயாரிப்பாளர் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த கதைதான்.

பணம் அதிகம் போகும் இடம் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதனால், பட்டியலில் ‘10’ என்று கண்டால் புதுக் கம்ப்யூட்டருக்கு உடனே விலைப்புள்ளி வந்துவிடும். ஆனால் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரிலும் உள்பதிவேட்டில் பெயர் ‘விண்டோஸ் 10’ என்றே இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் படிக்கும் பழைய மென்பொருள் நல்ல கம்ப்யூட்டரையும் கழிசல் என்று எழுதும். தேடும் பெட்டியில் ‘வின்வெர்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது 11-தான். கடைப் பையனே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் நாமே எண் ஒட்டி, வாங்கிய பில்லுடன் இருப்புப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒப்பந்தம் அந்தப் புத்தகப்படி இருக்க வேண்டும். மென்பொருள் பட்டியல் ஒத்துப்பார்க்க மட்டும் பயன்படட்டும். இரு தரப்பும் நேரில் எண்ணிக் கையெழுத்திடும் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை நமது சங்கமே அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். ஏப்ரலில் ஏ.எம்.சி. புதுப்பிக்கும் கடைகள் நிறைய உள்ளன. அதற்கு முந்திய செயற்குழுவிலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.