அஞ்சுவது எதனை? – கதைவழிக் கணிப்பொறி விளையாட்டுகள் குறித்து ஒரு கருத்துரை

கணிப்பொறி விளையாட்டு என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே பெரியோர் முகம் சுளிப்பதும் இளையோர் முகம் மலர்வதும் இன்று பல இல்லங்களில் காணும் காட்சியாகும். சுளிப்போர் பெரும்பாலும் ஆடிப் பார்த்தவர் அல்லர்; மலர்வோர் பெரும்பாலும் எண்ணிப் பார்த்தவர் அல்லர். ஆடியும் எண்ணியும் பார்த்தவர் என்னும் உரிமையில், கதைவழி விளையாட்டுகளைப் பற்றி, அவற்றுள்ளும் அச்சச் சுவையை முதன்மையாகக் கொண்டவற்றைப் பற்றி, நம் கருத்தைத் தமிழ்த்துறையின் இம்மலரில் முன்வைக்க விழைகின்றோம். பந்தயமும் பந்தாட்டமும் வெறும் துப்பாக்கிப் போரும் நம் பொருள் அல்ல.

சொல்லில் பிறந்த ஆட்டம்

இவ்வகை விளையாட்டு சொல்லிலிருந்தே பிறந்தது என்பதை மொழி பயில்வோர் முதற்கண் அறிதல் நன்று. 1970களின் இடைப்பகுதியில், குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்ட அமெரிக்க நிரலாளர் வில் கிரவுதர், கென்டக்கி மாநிலத்துக் குகையொன்றை மனத்திற்கொண்டு ஒரு விளையாட்டை இயற்றினார். 1977இல் டான் உட்ஸ் என்பார் அதனை விரிவாக்கினார். அதில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. இருக்கும் இடத்தின் வருணனை திரையில் எழுத்தாய்த் தோன்றும். ஆடுபவர் வடக்கே செல்க, விளக்கை எடுக்க என்பன போன்ற ஓரிரு சொற்களைத் தட்டச்சிடுவார், கதை நகரும். 'அட்வென்ச்சர்' என்று அதற்கு வழங்கிய பெயரே பின்னர் அவ்வினம் முழுமைக்கும் பெயராயிற்று. படங்கள் பின்னர் வந்து சேர்ந்தன. 1993இல் வெளிவந்த 'மிஸ்ட்' என்னும் விளையாட்டை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. எனவே இவற்றைக் கலை என்று கருதுதல் நம் தனித்த பித்து அன்று.

அச்சத்தின் நிலைக்களன்

எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறுவார். முன்னைய மூன்றும் புறத்திலிருந்து வருவன. நான்காவதோ வேறு. தவறு செய்யாதவன் தன் இறைவனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆகவே அது தன் செயலை நினைந்து தானே கொள்ளும் அச்சம் என்பது நம் துணிபு. இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டால் அச்ச விளையாட்டுகளின் தரத்தை எளிதில் அளந்துவிடலாம்.

1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம், ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் 'ரெசிடென்ட் ஈவில்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பாழ்பட்ட மாளிகை, நடமாடும் பிணங்கள், கொடிய விலங்குகள் ஆகியனவே அதன் களம். அதன் வெற்றி குருதியில் இல்லை, பற்றாக்குறையில் இருக்கின்றது. கிறிஸ் என்னும் மாந்தனாக ஆடுபவர் ஆறு பொருள்களையே உடன் சுமக்கலாம். குண்டுகள் அரியன. ஆட்டத்தை அதுவரை ஆடிய நிலையில் பதிந்துவைக்கவும் தட்டச்சுப்பொறி இருக்கும் அறையை அடைந்து, எண்ணிக்கையில் அடங்கிய மை நாடாவைச் செலவிட வேண்டும். இளைப்பாறுவதற்கும் விலை உண்டு என்னும் நிலையே அங்கு அச்சத்தை வளர்க்கின்றது. எனினும் இஃது அணங்கும் விலங்கும் பற்றிய அச்சமே.

1999இல் கோனாமி நிறுவனத்தின் 'சைலன்ட் ஹில்' வந்தது. அக்காலப் பிளேஸ்டேஷன் கருவிக்குத் தொலைவிலுள்ள தெருக்களையெல்லாம் ஒருங்கே வரைந்து காட்டும் ஆற்றல் இல்லை. படைத்தோர் அக்குறையை மூடுபனியால் மறைத்தனர்; குறையே அணியாயிற்று. பத்தடிக்கு அப்பால் யாது உளது எனத் தெரியாத நகரில், கையிலுள்ள வானொலி மட்டும் கொடிய உயிர் நெருங்கும்போது இரைகின்றது. கண்ணுக்குத் தெரிவதினும் தெரியாததே அஞ்சத்தக்கது என்னும் உண்மையை இதனினும் சிறப்பாக உணர்த்திய திரைப்படம் ஒன்றை நாம் கண்டதில்லை.

தன் வினையே தன் அணங்கு

நான்காவது அச்சத்தைத் தொட்டது 2001இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' ஆகும். நோயால் இறந்துவிட்ட மனைவியிடமிருந்து ஜேம்ஸ் என்பவனுக்கு ஒரு மடல் வருகின்றது. அவளைத் தேடி அவன் அந்நகருக்குச் செல்கின்றான். நோயுற்றுக் கிடந்த அவளைக் கொன்றவன் தானே என்பதும், அதனைத் தன் நெஞ்சிலிருந்தே மறைத்து வைத்திருந்தான் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. அந்நகரில் அவனைத் துரத்திய உருவங்கள் அவன் உள்ளத்தின் உருவங்களே.

கதை இவ்வளவே ஆயின் அதனை நாவலாகவும் எழுதலாம். விளையாட்டுக்கே உரிய திறம் முடிவில் இருக்கின்றது. இதற்கு முடிவுகள் பல. எது வேண்டும் என்று அது நம்மைக் கேட்பதில்லை. ஏஞ்சலா என்னும் பெண்ணிடமிருந்து பெற்ற கத்தியை எடுத்து நோக்கினோமா, காயமுற்றும் மருந்திடாமல் நெடுநேரம் திரிந்தோமா, மனைவியின் படத்தையும் மடலையும் எடுத்துப் பார்த்தோமா என்பனவற்றை ஓசையின்றிக் கணக்கிட்டு வருகின்றது. தன்னுயிரைப் பேணாது திரிந்தவனை வாழ விருப்பற்றவன் எனக் கணித்து, அதற்கேற்ற துயர முடிவை அளிக்கின்றது. சொல்லைக் கொண்டன்றி ஒழுக்கத்தைக் கொண்டு மாந்தனை அளக்கும் இம்முறையே கதைவழி விளையாட்டின் உச்சம் என்று நாம் கருதுகின்றோம்.

சுவீடன் நாட்டின் பிரிக்ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட 'அம்னீசியா' இவ்வழியில் வந்ததே. அதில் ஆடுபவர் கையில் படைக்கலம் எதுவும் இல்லை. ஓடலாம், ஒளியலாம், அவ்வளவே. நாயகன் டேனியல் தன் நினைவைத் தானே மருந்துண்டு அழித்துக்கொண்டவன். எதனை மறக்க அவ்வாறு செய்தான் என்று தேடிச் செல்லுங்கால், தான் பிறருக்கு இழைத்த கொடுமைகளே அவன்முன் வந்து நிற்கின்றன.

தெரிவு என்னும் மாயை

இனி ஒரு குறைபாட்டையும் கூறுதல் வேண்டும். 2012இல் டெல்டேல் நிறுவனம் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' பெரும்புகழ் பெற்றது. கொலைக்குற்றத்திற்காகச் சிறைக்குக் கொண்டு செல்லப்படும் லீ என்பவன், பெற்றோரைப் பிரிந்த கிளமென்டைன் என்னும் சிறுமியைக் காக்கும் பொறுப்பை ஏற்கின்றான். நாம் ஒன்றைச் சொன்னாலோ செய்தாலோ, அச்சிறுமி அதனை நினைவில் வைப்பாள் என்னும் குறிப்புத் திரையில் தோன்றும். ஆயினும் எவ்வழி சென்றாலும் கதை ஏறத்தாழ ஓரிடத்திலேயே முடிகின்றது; இது தெரிவன்று, ஏமாற்று என்று ஆடுவோர் பலர் குறைகூறினர்.

அக்குறையில் பாதியளவே உண்மை உண்டு. சிலப்பதிகாரப் பதிகம் கதையின் போக்கை முன்னரே உரைத்துவிடுகின்றது. அதனால் காப்பியம் சுவை குன்றியதா? முடிவு மாறாவிடினும், அம்முடிவுக்கு எத்தகையவனாய்ச் சென்று சேர்ந்தோம் என்பது மாறும். ஒரு குழந்தையின் கண்முன்னே பொய் சொல்லவும் களவாடவும் கை கூசியது அன்றோ? அக்கூச்சமே பயன். ஆனால் குறிப்பைத் திரையில் எழுதிக் காட்டியதால், உள்ளத்திற்காக அன்றிக் குறிப்பிற்காக நல்லவராய் நடிக்கும் பழக்கத்தையும் அது வளர்த்துவிட்டது. அவ்வகையில் 'சைலன்ட் ஹில் 2'இன் மௌனமே மேலானது.

இருளில் திடீரெனக் கூச்சலிட்டுத் தூக்கிவாரிப் போடச் செய்யும் மலிவான உத்தியையும், குருதியைக் கொட்டிக் காட்டுதலையும் நாம் ஏற்பதில்லை. அது உடலின் திடுக்கீடு, மெய்ப்பாடு அன்று. சிறுவர் இவற்றை ஆடலாகாது என்பதிலும் நமக்கு ஐயமில்லை. அமெரிக்காவில் 1994 முதல் விளையாட்டுகளுக்கு அகவை வரம்பு குறிக்கும் வாரியம் இயங்குகின்றது. இங்கு நாம் கூறிய அச்ச விளையாட்டுகள் பெரும்பாலும் முதிர்ந்தோருக்கு உரியவையாகவே குறிக்கப்பட்டவை. அக்குறியைப் படித்துப் பாராமல் பிள்ளைக்கு வாங்கித் தந்துவிட்டுப் பின்னர் விளையாட்டைப் பழித்தல் முறையாகாது.

வகுப்பறையின் வாயில்

போலந்து நாட்டில் உருவாகி 2014இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' அச்ச விளையாட்டு என்னும் வகையில் அடங்காது; எனினும் நம் பொருளுக்கு அணுக்கமானது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் வாடிய சரயேவோ மக்களின் துயரமே அதற்கு ஊற்று. அதில் நாம் வீரர் அல்லேம், பசித்த குடிமக்கள். முதியோர் இருவர் வாழும் வீட்டில் புகுந்து அவர்தம் உணவைக் கவர்ந்து வந்தால் பசி தீரும். ஆனால் கவர்ந்தவன் மனம் நொந்து சோர்ந்து விழுகின்றான். போர் பற்றிய நூல்கள் பலவற்றினும் அவ்வொரு சோர்வு ஆழமாகப் பேசுகின்றது. இதனைப் பள்ளி மாணவர்க்குரிய பரிந்துரை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அந்நாட்டு அரசு 2020இல் அறிவித்தது.

அத்தகைய துணிவு நம் வகுப்பறைகளுக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். மாணவர் இரவில் ஆடும் கதையை ஆசிரியர் அறியார். ஆசிரியர் பகலில் நடத்தும் மெய்ப்பாட்டியலை மாணவர் தம் ஆட்டத்தோடு பொருத்திப் பாரார். இரண்டுக்கும் இடையே ஒரு கதவு உண்டு. அது பூட்டப்படவில்லை, தட்டப்படவும் இல்லை. பெரியோர் பிள்ளைகளிடம் எத்தனை மணிநேரம் ஆடினாய் என்று மட்டும் வினவாமல், அக்கதையில் நீ யாராக இருந்தாய், என்ன செய்தாய் என்றும் வினவுதல் வேண்டும். விடை சொல்லத் தடுமாறும் பிள்ளை அன்று முதல் எண்ணத் தொடங்குவான்.

மாணவர்க்கும் ஒரு சொல். நிரல் எழுதுவோர் மட்டுமே விளையாட்டைப் படைத்துவிட முடியாது, சொல்லறிந்தோரும் வேண்டும். எஸ்டோனிய நாவலாசிரியர் ராபர்ட் குர்விட்ஸ் முன்னின்று உருவாக்கிய 'டிஸ்கோ எலீசியம்' (2019) ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்களால் ஆனது. கதையும் கவிதையும் பயில்வோர்க்கு இத்துறையில் இடமுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. பேயைக் காட்டி அஞ்சுவித்தல் எளிது. செய்த வினையைக் காட்டி அஞ்சுவிக்கும் கதையைத் தமிழில் எழுதும் கை உங்களுள் ஒருவருடையதாக இருக்கட்டும்.