சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

தோட்டத்துப் பையன்கள் கார் வாங்குகிறார்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். லயத்து வாசலில் ஒரு சைக்கிள் நின்றாலே பெரிய விஷயமாக இருந்த காலம் உண்டு. இன்று பழைய சாகாவோ, கஞ்சிலோ, மைவியோ நிற்கிறது. ஆனால் வாங்கிய கையோடு முதல் காரியமாக எக்ஸோஸ் குழாயை மாற்றுகிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, புது சைலன்சர் போட்டப்ப கொஞ்சம் அடக்கமாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துல சத்தம் கூடிடுச்சு. வண்டி நல்லா ஓப்பன் ஆயிடுச்சுன்னு கூட்டாளி சொல்றான். நெசமா?”

இல்லை தம்பி. கம்பெனி சைலன்சருக்குள்ளே தடுப்புகளும் அறைகளும் இருக்கின்றன. சத்தம் அவற்றில் மோதி, திரும்பி, ஒன்றையொன்று அடித்துக் களைத்துப் போகிறது. கடையில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் சைலன்சர் பெரும்பாலும் அப்படியல்ல. ஓட்டை போட்ட நேர்க்குழாய் ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். புதிதில் பஞ்சு இறுக்கமாக இருந்து சத்தத்தைக் குடிக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அது தளர்ந்து, கரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் வழியே பறந்துவிடும். ஆரம்பத்தில் குரல் சற்று மாறுவது சகஜம். மாதா மாதம் ஏறிக்கொண்டே போனால், பஞ்சு போகிறது என்று அர்த்தம். வண்டிக்குப் புது பலம் எதுவும் வரவில்லை.

இன்னொரு கணக்கு. நாலு சிலிண்டர் சாகா நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 100 தடவை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் கஞ்சில் அதே சுற்றில் 75 தடவைதான். ஆகவே கஞ்சிலுக்கு எந்தக் குழாயை மாட்டினாலும் சாகாவின் குரல் வராது. காசைக் கொட்டியும் “கூட்டாளி வண்டி மாதிரி இல்லியே” என்று மறுபடியும் பட்டறைக்கு ஓடுவதில் பயனில்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் “ம்ம்ம்” என்று இரைகிறதே, அதை அடக்கத்தான் நடுவில் ரெசனேட்டர் வைத்திருக்கிறார்கள். சில கடைகளில் அதை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாயை ஒட்டிவிடுவார்கள். பிறகு தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்த் திரும்புவதற்குள் பின்சீட்டில் உட்கார்ந்த அம்மாவுக்குத் தலைவலி.

வேகம்? சின்ன இஞ்சினுக்குப் பெரிய குழாய் போட்டால் புகையின் ஓட்டம் மந்தமாகி, கீழ் கியரில் இழுவை குறையும். நாலு பேரும் ஓர் அரிசி மூட்டையும் ஏறிய வண்டி தோட்டத்து மேட்டில் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காது மட்டும் வேகமாகப் போவதாக நம்பிக்கொண்டிருக்கும்!

இதுவரை சொன்னது காசு விஷயம். உயிர் விஷயமும் ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் “டிக் டிக்” என்று கேட்டு, இஞ்சின் சூடேறியதும் அடங்குகிறதா? இஞ்சினோடு குழாய் சேரும் இடத்துக் கேஸ்கட் கசியலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை மூடிக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. ஓட்டை போகவில்லை. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. துருப்பிடித்த தரை வழியாக உள்ளே வந்தால் தலைவலி, மயக்கம், தூக்கம். ஏர்கோன் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்ட காரில் குழந்தை தூங்கினால், களைப்பில்தான் தூங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். குழாய் ஆறியிருக்கும்போது வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடித்த துணியை மடித்துக் குழாய் வாயில் சில விநாடி அழுத்தட்டும். அப்போது வேறெங்காவது “ஸ்ஸ்” என்று கேட்டால் அங்கேதான் ஓட்டை. வெறுமே “கடகட” என்று ஆடினால் தொங்கும் ரப்பர் போயிருக்கும், அது சின்ன வேலை. ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

பையன்களின் ஆசையை நான் பழிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவன் வருகிறான் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று நினைப்பதில் என்ன குற்றம்? ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானதே 2025-இல்தான். அதில் பாதியை ஒரு குழாய்க்குக் கொடுத்து, பிறகு ஜேபிஜே சம்மனுக்கும் கொடுப்பதா? விடியுமுன் எழுந்து குலை வெட்டப் போகிற அப்பாவை இரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்புவதா?

போட்டே தீருவேன் என்பவர்கள் ரெசனேட்டரை வெட்ட விடாதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியென்றால் அதைக் கழற்றவும் விடாதீர்கள். “எடுத்துட்டா வண்டி லேசாப் போகும்” என்பார்கள். அதற்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருப்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். பழைய சைலன்சரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது, ரேடியோவை அடைத்துவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கேளுங்கள்.