அமுக்க அறையும் கடல் தொழிலாளியும்

2022-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த 'சார்லஸ் ட்ரூ' என்னும் கப்பல், பழுது பார்க்கப்படுவதற்காகக் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்திற்கு வந்து சேர்ந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கப்பலொன்று பழுது பார்ப்பதற்காக இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. 2025 ஜூன் 18-ந் தேதி நமது கடற்படையில் சேர்க்கப்பட்ட 'அர்ணாலா'வும் இந்தத் தளத்தில் உருவானதே. அந்நியன் கப்பலுக்கு மூட்டை சுமப்பதே நம்மவர் தலைவிதி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இது குறித்து நாம் பெருமை கொள்வது நியாயமே.

ஆயினும் கப்பல் தொழில் நீர்மட்டத்துக்கு மேலே தெரிவதோடு முடிந்துவிடுவதில்லை. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டவும், சுக்கானைச் சோதிக்கவும், கடலடிக் குழாய்களைப் பரிசோதிக்கவும் மனிதன் நீருக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கியவனுக்கு ஆபத்து நேர்ந்தால் அவனுக்குரிய வைத்தியம் எங்கே, எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்? இக்கேள்வியையே இன்று நாம் எழுப்ப விரும்புகிறோம்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடல்மீதுள்ள அமுக்கம் இரட்டிப்பாகிறது. இருபது மீட்டரில் மூன்று மடங்காகிறது. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. ஆழத்தில் நெடுநேரம் இருந்தவன் அவசரமாக மேலே வந்தால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் நுரை பொங்குவது போல, கரைந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிகளாகிறது. மூட்டுவலியில் தொடங்கும் இந்நோய், முதுகுத்தண்டைத் தாக்கினால் காலை முடக்கிவிடும். வேறோர் ஆபத்தும் உண்டு. ஆழத்தில் அமுக்கக் காற்றைச் சுவாசித்தவன் மூச்சை அடக்கியபடி மேலே எழும்பினால், நுரையீரல் விரிந்து கிழிந்து, குமிழிகள் மூளைக்கே போய்ச் சேரலாம். இதற்குப் பேராழம் தேவையில்லை. இரண்டொரு மீட்டரே போதும். துறைமுகத்தில் ஆழம் குறைவு, ஆகவே கவலையில்லை என்பாருக்கு இதுவே பதில்.

மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகச் சங்கும் முத்தும் குளித்த நம் குளியாட்கள் ஒரே மூச்சில் இறங்கி ஏறியவர்கள். ஒரு மூச்சுக் காற்றிலுள்ள நைட்ரஜன் சொற்பமாதலால் இந்நோய் அவர்களை அவ்வளவாக அணுகவில்லை. இயந்திரத்தால் அமுக்கிய காற்றைக் குழாய் வழியே சுவாசிக்கும் முறை வந்ததும் நிலைமை மாறியது. கருவி புதிதாக வந்தது. அதற்குரிய வைத்தியம் கூடவே வரவில்லை.

அந்த வைத்தியம் அமுக்க அறையாகும். நோயாளியை உறுதியான ஓர் இரும்பு அறைக்குள் வைத்து, பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 வாயுமண்டல அமுக்கத்துக்கு ஏற்றி, சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். பின்னர் படிப்படியாக அமுக்கத்தைக் குறைக்கிறார்கள். இவ்வகையில் பெரிதும் கையாளப்படும் முறை ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். அமுக்கத்தால் குமிழி சுருங்குகிறது. பிராணவாயு நைட்ரஜனை வெளியேற்றுகிறது. சாதாரணமாக நூறு மில்லிலிட்டர் ரத்த நீரில் 0.3 மில்லிலிட்டர் பிராணவாயுவே கரைந்திருக்கும். மூன்று மடங்கு அமுக்கத்தில் சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லிலிட்டராக உயரும். சிவப்பணுக்களின் உதவியின்றியே உடலைத் தாங்கக்கூடிய அளவு இது. காட்டுப்பள்ளிக்கு வந்த அக்கப்பலுக்குப் பெயர் தந்த டாக்டர் ட்ரூ, இந்த ரத்த நீரைச் சேமித்து உயிர் காக்கும் முறையில் முன்னோடி என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஆனால் அமுதமும் அளவு மீறினால் நஞ்சு. மிகுந்த அமுக்கத்தில் பிராணவாயு வலிப்பை உண்டாக்கும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-லேயே எழுதி வைத்தார். ஆகவேதான் சிகிச்சையின் இடையிடையே சில நிமிஷங்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் செய்கிறார்கள். நுரையீரல் கிழிந்து மார்புக்குள் காற்று தேங்கியவனை, அதற்குப் பரிகாரம் செய்யாமல் அறைக்குள் ஏற்றுவது கொலைக்குச் சமானம். எல்லாவற்றிலும் பெரிய பயம் தீ. 1997 அக்டோபர் 31-ந் தேதி இத்தாலியின் மிலான் நகரில் இத்தகைய அறையில் தீப்பற்றிப் பதினொருவர் மாண்டனர். 2025 ஜனவரி 31-ந் தேதி அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அறைக்குள்ளேயே எரிந்து இறந்தான். பருத்தி உடை அன்றி வேறு உடை கூடாது; எண்ணெய்ப் பூச்சு, கைப்பேசி, மின்கலம் ஒன்றும் உள்ளே போகக்கூடாது; நிலைமின்சாரம் தரையிறங்க வழி வேண்டும்; பயிற்சி பெற்றவர் கணமும் அகலக்கூடாது. இவற்றில் ஒன்றையும் சில்லறை விதியென்று தள்ளலாகாது.

இந்த அறையைச் சர்வரோக நிவாரணி என்று விளம்பரம் செய்வோரையும் நாம் கண்டிக்கிறோம். ஆட்டிஸம் முதலிய பல நோய்களுக்கு இது மருந்தென்று நிரூபணமாகவில்லை என்று 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்தது. மூழ்குநோய், கரிப்புகை நஞ்சு, தேர்ந்தெடுத்த சில ஆறாப் புண்கள் முதலியவற்றுக்கே இது உற்ற துணை.

இந்த அறிவு இலேசில் கிடைத்ததல்ல. மூழ்குபவர் எவ்வாறு படிப்படியாக மேலேற வேண்டும் என்ற அட்டவணையை 1908-ல் வெளியிட்டவர் ஜே. எஸ். ஹால்டேன். அவர் புதல்வர் ஜே. பி. எஸ். ஹால்டேன் தம் உடலையே அமுக்க அறையில் சோதனைக்கு ஒப்படைத்து முதுகெலும்பில் ஊனமுற்றவர். பின்னர் நம் நாட்டுக்கு வந்து 1961-ல் இந்தியப் பிரஜையானவர். அப்பேரறிஞர் தம் சொந்த நாடாக ஏற்ற தேசத்தில், அவ்வறிவின் பயன் கூலித் தொழிலாளிக்கு எட்டாதிருக்கலாமா?

செலவு அதிகம், விபத்து அரிது என்று முதலாளிகள் கூறலாம். அறை ஒவ்வொரு தளத்திலும் வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கேட்பது இவ்வளவே: ஆளைக் கடலில் இறக்கும் கான்டிராக்டர், அருகிலுள்ள அறை எது, கொண்டுபோகும் வண்டி எது என்பதை இறக்குமுன் எழுத்தில் காட்ட வேண்டும். வேலையிடத்திலேயே சுத்தப் பிராணவாயு தயாராயிருக்க வேண்டும், முதலுதவி அதுதான். வடசென்னை ஏழைகளின் புகலிடமான ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் எண்ணூர், திருவொற்றியூர் வைத்திய நிலையங்களிலும் இந்நோயின் குறி தெரிந்த ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். சர்க்கார் பொறுப்பில் இவ்வட்டாரத்துக்கு ஓர் அறை அமைந்தால் அது வீணாய்க் கிடக்காது. நீரிழிவுப் புண்ணால் காலை இழக்கும் நிலையிலிருப்போர் சிலரும், புகையில் மயங்கிய ஆலைத் தொழிலாளரும் அதன் வாசலுக்கு வருவார்கள்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளியால் அள்ளியவர்கள் இக்கரையோர மக்களும் தொண்டர்களும். துறைமுகம் வந்தது, அதன் ஆபத்துக்குரிய சாதனம் வரவில்லை என்பதற்கு அந்த வாளியே சாட்சி. நீருக்கடியில் இறங்கும் தொழிலாளிக்கு அந்த வாளிகூடக் கிடையாது. அடுத்த கப்பல் தளத்துக்கு வருமுன் அவனுக்குரிய வைத்தியம் ஏற்பாடாகிவிட வேண்டும் என்று சர்க்காரையும் கம்பெனிகளையும் வற்புறுத்துகிறோம்.