பறிகொடுத்தவர் பக்கம் பார்வை திரும்புமா?

ஆராய்ச்சி மணியை அசைத்த பசுவின் கதையைப் பலமுறை வகுப்பறையில் சொல்லியிருக்கிறோம். கன்றைக் கொன்ற தன் மகன்மீதே தேரைச் செலுத்திய சோழனின் செங்கோன்மையை வியந்து, அத்துடன் நிறுத்திவிடுகிறோம். சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. பெரியபுராணத்தில் இறையருளால் அக்கன்றும் உயிர்பெற்று எழுகிறது. தண்டனையால் அரசனின் கடமை நிறைவேறியது. பசுவின் துயர் நீங்கியதோ, கன்று எழுந்த பின்னர்தான்.

இன்றைய வழக்குகளில் இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. குற்றவாளிக்குச் சிறையும் அபராதமும் விதிக்கப்படுகின்றன. அபராதத் தொகை அரசுக் கருவூலத்திற்குப் போய்ச் சேர்கிறது. பொருளைப் பறிகொடுத்தவரோ வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். நாம் அறிந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் ஒரு நிதி நிறுவனத்தில் இட்டு இழந்தார். நிறுவனத்தார் கைதான செய்தியைக் கூறியபோது அவர் கேட்டார்: "அவர்கள் உள்ளே போனால் என் மகள் கல்யாணம் நடந்துவிடுமா?" நம்மிடம் விடையில்லை.

சட்டத்தில் வழியே இல்லையென்று கூறுவதற்கில்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆவது பிரிவு, அபராதத்திலிருந்து இழப்பீடு வழங்கவும், அபராதம் விதிக்கப்படாதபோது குற்றவாளியையே இழப்பீடு தருமாறு பணிக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 395ஆவது பிரிவாக நிற்கிறது. இவ்வதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு 1988இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி ஆராய்ந்து, வழங்கினாலும் மறுத்தாலும் காரணத்தைப் பதிவு செய்தல் வேண்டுமென 2013இல் வலியுறுத்தியது. ஆயினும், மேல்முறையீடு செய்யப்பட்டால் அது முடியும்வரை அபராதத்திலிருந்து தரவேண்டிய தொகை கைக்கு வாராது. காத்திருப்பு நீள்கிறது.

நிதி நிறுவன மோசடிகள் பெருகிய காலத்தில், 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மோசடி செய்தோரின் சொத்துகளை முடக்கி, விற்று, பணம் இட்டவர்களுக்குப் பங்கிட்டு அளிக்க அது வழிவகுத்தது. தண்டனையோடு நில்லாமல் இழப்பையும் எண்ணிப் பார்த்த சட்டம் அது. விரைந்து முடக்கினால் பயன் உண்டு. தாமதித்தால் சொத்து கைமாறிவிடும்.

பணம் படைத்தவன் பணத்தை வீசித் தப்பிவிடுவானே என்று சிலர் ஐயுறலாம். இழப்பீடு தண்டனைக்கு மாற்றன்று. அதனோடு கூடுதலாக வருவது. ஏழைக் குற்றவாளியால் எப்படிச் செலுத்த இயலும் என்று வேறு சிலர் கேட்கலாம். அவன் வசதிக்கேற்பத் தொகையை வரையறுத்துத் தவணையில் செலுத்தச் செய்யலாம் என்பதையும் அந்த 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறியுள்ளது.

எனவே மாணவச் செல்வங்களே, உங்கள் தெருவில் ஒருவர் பொருளை இழந்து நின்றால் ஆறுதல் மட்டும் கூறி வந்துவிடாதீர்கள். இழந்த தொகைக்கான பற்றுச்சீட்டுகளைப் பேணி வைக்கவும், இழப்பீடு கோருமாறு அரசு வழக்கறிஞரை அணுகவும் துணை நில்லுங்கள். ஊர்ப் பெரியோர்களும் இதில் கைகொடுக்க வேண்டுகிறோம். மணியடித்த பசுவுக்கு நீதி வேண்டியிருந்தது, கன்றும் வேண்டியிருந்தது.