குடும்பத்தோடு ஓட்டலுக்கு

எங்கள் விருத்தாசலம் சின்ன ஊர்தான். ஆனால் சேலம், கடலூர், விழுப்புரம், திருச்சி என்று நாலு பக்கமும் ரயில் போகும் ஜங்ஷன். பழமலைநாதரைத் தரிசிக்கவும் பீங்கான் சாமான் வாங்கவும் வெளியூர்க்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். மாசி மகத்தன்று கேட்கவே வேண்டாம்! அதனால் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. குடும்பத்தோடு நிம்மதியாக உட்கார எது தோதுப்படும் என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் பெண்கள் ஓட்டலில் உட்காரவே கூச்சப்படுவோம். அதற்காகவே 'ஃபேமிலி ரூம்' என்று ஒரு தடுப்பும் திரைச்சீலையும் இருக்கும். சென்னையில் 1962-ல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காரைவிட்டு இறங்காமலே குடும்பமாகச் சாப்பிட்டார்கள். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா.

"வீட்டில் இல்லாத தோசையா?" என்பார் என் மாமியார். இருக்கிறது அத்தை, ஆனால் வார்க்கிறவளுக்குச் சூடாகக் கிடைப்பதில்லையே! எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சம் மீதியைச் சாப்பிடுவதுதானே நம் வழக்கம்? ஓட்டலில்தான் மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் பார்க்கிற விஷயங்கள் இவை:

உள்ளே போனதும் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். சோப்பு இருக்கிறதா, பெரியவர்கள் வழுக்கி விழாதபடி தரை ஈரமில்லாமல் இருக்கிறதா? பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள கழிப்பிடம் உண்டா?

உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும்.

குழந்தைகளுக்குச் சுடச்சுட இட்லி, இடியாப்பம் வாங்குங்கள். நறுக்கி வைத்த பழமும் ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடையே இருக்கிறது. பார்சலுக்கு ஒரு தூக்குப் பாத்திரம் கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

மாதம் ஒருமுறை போதும், சகோதரிகளே. கைச்செலவைப் பார்த்துத்தான் போக வேண்டும். போகிற அன்று, "எனக்கு அப்புறம்" என்று சொல்லாமல் நீங்களும் முதலிலேயே சொல்லி வாங்கிச் சூடாகச் சாப்பிடுங்கள்!